தனியாகப் பெருங்கடல் கடக்கும் படங்கள் எவ்வளவு உண்மை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து மொட்டை மாடியில் படம் போட்டுப் பார்ப்பதுண்டு. தனி ஆளாகப் பாய்ப்படகில் சமுத்திரம் கடக்கும் கதை என்றால், படம் முடிந்த பிறகும் சனம் எழும்பாது. "இப்படி நடக்குமா?", "இந்த ஆள் எப்போது தூங்கினார்?" என்று கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பொல்கொட வாவியில் சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகியவன். காலித் துறைமுகத்துக்கு வரும் நெடும்பயணப் படகுக்காரர்களோடு மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறேன். தனியாகச் சமுத்திரம் கடந்ததில்லை. சில பதில்களில் படத்தின் முடிவு வெளிப்பட்டுவிடும். படம் பார்க்காதவர்கள் கவனித்து வாசியுங்கள்.

எந்தப் படங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

முதன்மையாக நான்கு. 2013இல் வந்த 'ஆல் இஸ் லாஸ்ட்': ரொபர்ட் ரெட்ஃபோர்ட் மட்டுமே நடித்த, வசனம் ஏறக்குறைய இல்லாத படம். 2018இல் வந்த 'அட்ரிஃப்ட்': டாமி ஓல்டம் என்ற பெண் 1983இல் பசிபிக்கில் தப்பிய உண்மைக் கதை. அதே ஆண்டு வெளியான 'த மெர்சி': 1968ஆம் ஆண்டு உலகம் சுற்றும் போட்டியில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் கதை. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ட்ரூ ஸ்பிரிட்': பதினாறு வயதில் தனியாகக் கிளம்பிய அவுஸ்திரேலியச் சிறுமி ஜெசிக்கா வொட்சனின் கதை. இவற்றோடு 'ஸ்டிக்ஸ்' என்ற ஜெர்மன் படமும், தனியாக உலகம் சுற்றிய சிறுமி லோரா டெக்கர் பற்றிய 'மெய்டன்ட்ரிப்' ஆவணப்படமும் இடையிடையே வரும்.

மொத்தத்தில் நம்பலாமா, நம்பக்கூடாதா?

பொருட்களை ஓரளவு நம்பலாம். நேரத்தை நம்பக்கூடாது.

கயிறு, பாய், பம்ப், ரேடியோ எல்லாவற்றையும் இந்தப் படங்கள் அக்கறையோடுதான் காட்டுகின்றன. படப்பிடிப்பில் அனுபவமுள்ள மாலுமிகளை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏழு மாதப் பயணத்தில் பெரும் புயல் சில நாட்கள்தான். நூறு நிமிடப் படத்திலோ அது பாதியை எடுத்துக்கொள்கிறது. மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது? கயிறு ஒரே இடத்தில் உரசி நூல் நூலாகப் பிரிகிறது. அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். பாயின் தையல் விடுகிறது. உட்கார்ந்து தைக்க வேண்டும். எங்கோ ஒரு திருகு கழன்று சத்தம் போடுகிறது. அது எது என்று தேட வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோலில் கொப்புளம் வருகிறது. காற்றே இல்லாத நாட்களில் பாய் இரவு பகலாகப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. புயலை விட அந்தச் சத்தம்தான் மனதைக் கெடுத்தது என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இந்த வேலையைக் காட்டும் படம்தான் என் கணக்கில் உண்மையான கடல் படம். அலையின் உயரத்தை வைத்து நான் மதிப்பிடுவதில்லை.

'ஆல் இஸ் லாஸ்ட்' படத்தில் கொன்டெய்னர் இடித்துப் படகு ஓட்டையாகிறதே, உண்மையில் நடக்குமா?

நடக்கும். கொழும்புக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே எரிந்தபோது கொன்டெய்னர்கள் கடலில் விழுந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை நெடுக ஒதுங்கின.

விழும் பெட்டிகளில் பெரும்பாலானவை தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும். உள்ளே மிதக்கும் சரக்கு இருந்தால், அல்லது குளிரூட்டி வகைப் பெட்டியாக இருந்தால், நீர் மட்டத்தோடு மட்டமாகச் சில காலம் மிதக்கும். ரேடாரில் அது தெரிவது கடினம், இரவில் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. படத்தில் பெட்டிக்குள்ளிருந்து சப்பாத்துகள் மிதந்து வருகின்றன. சப்பாத்து நன்றாக மிதக்கும் பொருள் என்பதால் பெட்டி மூழ்காமல் இருந்ததற்கு அதுவே காரணம் ஆகிவிடுகிறது. எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார்.

படகுக்காரர்கள் இடித்துக்கொள்ளும் பொருள் பெட்டி மட்டும் அல்ல. மரக்கட்டை, திமிங்கிலம், கைவிடப்பட்ட வலை எல்லாம் உண்டு. கதைக்குப் பெட்டி வசதியானது, ஏனென்றால் அது மனிதன் போட்டது.

அந்த ஓட்டையை அவர் அடைக்கும் விதம் சரியா?

சரி என்றுதான் சொல்வேன். கண்ணாடியிழைத் துணியையும் எபொக்சிப் பசையையும் வைத்து ஒட்டுகிறார். ஃபைபர் படகு வைத்திருக்கும் எவரும் செய்யும் வேலை அது. நீர்கொழும்புப் பக்கம் படகுப் பட்டறைக்குப் போனால் அதே வாசனை அடிக்கும்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதைத்தான் சனம் குறைத்து மதிப்பிடுகிறது. நீர் மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை என்று வையுங்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 லீட்டர் உள்ளே வரும். கையால் அடிக்கும் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. படத்தில் அடிபடும் இடம் நீர் மட்டத்தை ஒட்டி இருப்பதால்தான் அவருக்கு அவகாசம் கிடைக்கிறது. அங்கே நீரின் அழுத்தம் குறைவு; படகு மறுபக்கம் சாய்ந்தால் துளை வெளியேயும் வந்துவிடும். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் படம் 15 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிறகு ஏன் பாய்ப்படகுக்காரர்கள் அந்தப் படத்தைத் திட்டுகிறார்கள்?

முதல் காரணம், அபாயக் கருவி இல்லாதது. 'இபர்ப்' என்று சொல்லப்படும் சிறு பெட்டி ஒன்று உண்டு. தண்ணீரில் நனைந்தாலோ கையால் இயக்கினாலோ 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்பும். எந்தப் படகு, எங்கே இருக்கிறது என்பது மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும். இலங்கையில் அந்த மையம் கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்தில் இயங்குகிறது. நாட்டின் நிலப்பரப்பைப் போல 25 மடங்குக்கும் அதிகமான கடற்பரப்பு அதன் பொறுப்பில் இருக்கிறது. 2013இல் சமுத்திரம் கடக்கும் ஒருவர் இபர்ப் இல்லாமல் கிளம்புவது மிகவும் அபூர்வம். அது இருந்தால் கதை இல்லை. எனவே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, புயல் நெருங்கும்போது அவர் நிதானமாக முகச்சவரம் செய்கிறார். இதைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறார்கள். நான் இங்கே மாறுபடுகிறேன். செய்ய வேண்டிய ஆயத்தங்களுக்கு முன்னால் சவரம் செய்வது தவறுதான். ஆனால் வரப்போவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்த மனிதன், வீட்டில் தினமும் செய்யும் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. படத்தில் மனித மனத்துக்கு மிக அருகில் வரும் இடம் அது.

மூன்றாவது, சிறு புயல்பாயை முன்னால் போய்க் கட்டுவதற்குக் காற்று முற்றும் வரை காத்திருப்பது. இந்தக் குறை நியாயமானது. பாயைச் சுருக்கலாமா என்று முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிடு என்பதுதான் கடலில் எல்லோரும் சொல்லும் பாடம். தனி ஆளுக்கு அது இன்னும் கட்டாயம்.

இரண்டு கப்பல் அவ்வளவு அருகில் போயும் அவரைக் காணாமல் விடுவது மிகைப்படுத்தல் இல்லையா?

இல்லை. எல்லாப் படங்களிலும் மிக உண்மையான காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்துக்கு வரும் பெரிய கொன்டெய்னர் கப்பலைப் பாருங்கள். மாலுமி நிற்கும் தளம் பின்னால், மிக உயரத்தில் இருக்கும். முன்னால் அடுக்கிய பெட்டிகள் மறைப்பதால், கப்பலின் மூக்குக்கு முன்னே 500 மீட்டர் வரைகூடக் கடல் தெரியாமல் இருக்கலாம் என்று சர்வதேச விதியே இடம் விடுகிறது. அந்தத் தளத்தில் இரவில் நிற்பது ஓரிருவர்தான். படகு மூழ்கிய பிறகு அவர் ஏறியிருக்கும் ரப்பர் மிதவை ரேடாரில் சரியாக விழாது. கையில் பிடிக்கும் ஃப்ளேர் என்ற அபாயத் தீப்பந்தம் எரிவது ஒரு நிமிடம் அளவில். வானில் ஏறும் பரசூட் ஃப்ளேர் 300 மீட்டர் உயரத்தில் சுமார் 40 நொடி எரியும். அந்த 40 நொடியில் மாலுமி வேறு பக்கம் திரும்பியிருந்தால் முடிந்தது. நம் ஆழ்கடல் மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலநாள் படகில் போனவர்கள், பெரிய கப்பல் தங்களைக் கவனிக்காமல் பக்கத்தால் போனதைப் பற்றி ஏதாவது சொல்வார்கள்.

தனி ஆள் எப்படித் தூங்குவார்?

எங்களிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். படங்கள் மிக மோசமாகப் பதில் சொல்லும் கேள்வியும் இதுதான்.

பெரிய கப்பல்களின் உச்சி விளக்கு 6 கடல் மைல் தூரத்திலாவது தெரிய வேண்டும் என்பது விதி. 18 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில், வரும் கப்பல் அந்த 6 மைலைக் கடக்க 20 நிமிடம் எடுக்கும். நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே போய்ப் படுத்த நொடியில் ஒரு கப்பல் தொடுவானத்தில் எழும்பினால், உங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதனால்தான் கரையை ஒட்டியும் கப்பல் பாதைகளிலும் போகும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகத் தூங்குகிறார்கள். எழும்பி, சுற்றி ஒரு பார்வை பார்த்து, திசைகாட்டியைப் பார்த்து, மறுபடி படுப்பார்கள். தெற்குச் சமுத்திரம் போன்ற ஆளற்ற பகுதிகளில் ஒரு மணித்தியாலமோ கூடவோ தூங்குவார்கள். இப்போது ஏஐஎஸ் கருவி, கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் தம் இருப்பிடத் தகவலைப் பிடித்து, அருகே ஒன்று வந்தால் அலறும். எப்போதும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. தனி ஆள் பயணம் என்றாலே அந்த விதியை முழுமையாகக் காக்க முடியாத பயணம்தான்.

ஜெசிக்கா வொட்சன் இதற்கு வாழும் சாட்சி. 2009 செப்டெம்பரில், பெரும்பயணத்துக்கு முன்னைய பரீட்சார்த்த ஓட்டத்தில், அவர் சற்றுக் கண்ணயர்ந்திருந்தபோது சில்வர் யாங் என்ற சரக்குக்கப்பலோடு மோதிப் பாய்மரம் முறிந்தது. 'ட்ரூ ஸ்பிரிட்' அதைக் காட்டுகிறது, நேர்மையான காட்சி. ஆனால் அதற்குப் பிறகு வந்த 210 நாட்களும் அவர் அரைத் தூக்கத்தில் வாழ்ந்த வாழ்க்கை படத்தில் இல்லை. நாயகி எப்போதும் முகம் கழுவி வந்தது போலத்தான் இருக்கிறார். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்தப் பிள்ளை செய்ததில் மிகக் கடினமான பகுதி அதுதானே.

நம் தீவின் தெற்கே தெவுந்தர முனையைச் சுற்றி வரும் தனிப் படகுக்காரர்களுக்கு இந்தத் தூக்கக் கணக்கு பெரிய தலைவலி. உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அங்கே ஓடுகிறது. காலிக்குள் நுழைந்து கட்டியவுடன் பலரும் முதலில் செய்வது, படுத்துத் தூங்குவது.

எப்போது பார்த்தாலும் நாயகன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே?

படம் எடுக்க வசதி, அவ்வளவுதான். உண்மையில் தனி ஆள் சுக்கான் பிடிப்பது பயணத்தின் மிகச் சிறு பகுதி. படகின் பின்னால் ஒரு காற்றுத்தகடு இருக்கும். காற்றுத் திசை மாறினால் அது அசைந்து, நீருக்குள் இருக்கும் துடுப்பு போன்ற பாகத்தின் வழியாகச் சுக்கானைத் திருப்பும். மின்சாரமே தேவையில்லை. 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியில் இந்த முறை தன்னை நிரூபித்தது. இது உடைந்தால் தனி ஆளின் பயணம் ஏறக்குறைய நரகம். இதை ஒழுங்காகக் காட்டும் படங்கள் குறைவு. 'ஸ்டிக்ஸ்' படத்தில் நாயகி படகைத் தன் போக்கில் விட்டுவிட்டு உள்ளே வேலை பார்ப்பார். அந்தச் சாதாரணத்தன்மை எனக்குப் பிடிக்கும். அதில் நடித்த சுசான் வோல்ஃப் படகோட்டத் தெரிந்தவர். கை தொடும் விதத்திலேயே தெரிகிறது.

புயல் காட்சிகளில் வரும் அலைகள் உண்மையானவையா?

பல தடவை தொட்டித் தண்ணீர். 'ஆல் இஸ் லாஸ்ட்' படத்தின் பெரும்பகுதி, மெக்சிக்கோவில் 'டைட்டானிக்' படத்துக்காகக் கட்டிய நீர்த்தொட்டிகளில் எடுக்கப்பட்டது.

தொட்டி அலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஆழ்கடலில் 10 நொடிக்கு ஒன்று வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 156 மீட்டர். அதாவது 12 மீட்டர் படகு ஒரு மலைச்சரிவில் ஏறி, உச்சியில் சற்று நின்று, பள்ளத்தில் இறங்கும். பள்ளத்துக்குள் இருக்கும்போது காற்றுக்கூடக் குறையும். உச்சிக்கு வந்ததும் மறுபடி அறையும். அந்தத் தாளம்தான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. தொட்டியில் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு அலை நாலாபக்கமும் குதிக்கும். மேலிருந்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் படகு இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும். 'அட்ரிஃப்ட்' பெரும்பாலும் ஃபிஜியை ஒட்டிய திறந்த கடலில் எடுக்கப்பட்டதால் அதன் பகல் காட்சிகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று: ஒரு அலை பெரியதாக இருப்பது மட்டும் ஆபத்து அல்ல. உருண்டு ஓடும் 10 மீட்டர் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். முகடு உடைந்து சரிந்து விழும் அலைதான் கவிழ்க்கும். 1979இல் ஃபாஸ்ட்நெட் போட்டியில் 15 மாலுமிகள் இறந்த பிறகு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது இது: படகின் நீளத்தில் சுமார் 60 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் ஏறக்குறைய எந்தப் படகும் கவிழும். ஆகவே புயலில் மாலுமி செய்யும் வேலை, பக்கத்தைக் காட்டாமல் இருப்பது. பின்னால் நீண்ட கயிற்றில் துணிக்கூம்புகளை இழுத்து வேகத்தைக் குறைப்பார். அல்லது பாயையும் சுக்கானையும் எதிரெதிராகக் கட்டிப் படகை அநேகமாக நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். ஆமாம், படுத்துக்கொள்வார். எந்தத் தயாரிப்பாளர் இதற்குச் சம்மதிப்பார்?

கவிழ்ந்த படகு தானாக நிமிருமா?

அடியில் கனமான கீல் உள்ள ஒற்றை உடல் படகு நிமிரும். அந்தக் கீலில் ஈயமோ இரும்போ இருக்கும். படகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். பாய்மரம் போய்விடலாம், உள்ளே தண்ணீர் புகலாம், ஆனாலும் திரும்பும். 'ட்ரூ ஸ்பிரிட்' இதுவரை சரி. படகு நீருக்குள் ஆழமாகப் போய் அங்கேயே தங்குவது போலக் காட்டும் காட்சி மட்டும் சரியில்லை. காற்று நிறைந்த, கதவு மூடிய படகைக் கடல் அப்படிக் கீழே வைத்திருக்க முடியாது. அடுத்த கணமே மேலே தள்ளிவிடும். அந்தப் படத்தில் பென் என்ற பயிற்றுநரும் கற்பனையாகச் சேர்க்கப்பட்டவர்தான்.

மூன்று உடல் கொண்ட ட்ரைமரன் கவிழ்ந்தால் நிமிராது. குரோஹர்ஸ்ட் தன் ட்ரைமரனின் பாய்மர உச்சியில் காற்றுப்பை ஒன்றை வைத்து நிமிர்த்தும் ஏற்பாட்டைத் திட்டமிட்டார். அது கடைசி வரை முடிக்கப்படவில்லை. 'த மெர்சி' பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய பயம் முழுமையாகப் புரியும்.

'அட்ரிஃப்ட்' எவ்வளவு உண்மை?

முடிவு வெளிப்படும் பதில் இது.

படத்தில் காதலன் ரிச்சர்ட் கால் முறிந்து படகிலேயே படுத்திருப்பார். டாமி அவரைப் பராமரிப்பார். கடைசியில்தான் அவர் புயலிலேயே போய்விட்டார் என்று தெரியும். உண்மையில் புயலுக்குப் பிறகு முதல் நாளிலிருந்தே டாமி தனி. தாஹிட்டியிலிருந்து சான் டியேகோவுக்கு 44 அடிப் படகு ஒன்றைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த இருவரும் ரேமண்ட் சூறாவளியில் சிக்கினார்கள். டாமி கீழ் அறையில் இருந்தார். மேலே இருந்த ரிச்சர்ட்டைக் கடல் கொண்டுபோனது. மயக்கம் தெளிந்து எழும்பியபோது பாய்மரம் இல்லை, இயந்திரம் இல்லை, ரேடியோ இல்லை. தற்காலிகப் பாய் ஒன்றைக் கட்டி, ஏறக்குறைய 1,500 கடல் மைல் ஓட்டி, 41 நாட்களில் ஹவாயின் ஹிலோவை அடைந்தார்.

வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் ஒன்றரை நொட். மெதுவாக நடக்கும் மனிதரின் வேகம்கூட இல்லை. ஹவாய்த் தீவுகளைத் தவறவிட்டால் அதற்கப்பால் நெடுந்தூரத்துக்குக் கரை கிடையாது. இந்த மந்தமான, பிழைக்கு இடமில்லாத 41 நாட்களைப் படம் காதல் நினைவுகளால் நிரப்புகிறது. தனக்கு வழிகாட்டிய ஒரு குரலைக் கேட்டதாக டாமி பின்னர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் படம் ஒரு முழு மனிதனாக மாற்றியது. அழகான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் முழுத் தனிமையில் செய்ததைத் துணையோடு செய்தது போல ஒன்றரை மணி நேரம் நம்பவைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செக்ஸ்டன்டை ஒரே நாளில் புத்தகம் பார்த்துப் பழக முடியுமா?

சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கோணம் அளக்கும் கைக்கருவிதான் செக்ஸ்டன்ட். பாதி முடியும். நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரக் கோணத்தை எடுத்து, அட்டவணையோடு கழித்துக் கூட்டினால் அகலாங்கு வந்துவிடும். கணக்குத் தெரிந்த ஒருவர் ஒரே நாளில் பழகலாம். கோணத்தில் அறுபதில் ஒரு பாகை பிசகினால் ஒரு கடல் மைல் பிசகும், அவ்வளவே. நெட்டாங்குக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும்: 4 நொடி பிழை நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல். ஆடும் ரப்பர் மிதவையில் இருந்து தொடுவானத்தைப் பிடிப்பது பெரும் சிரமம், எனவே ரெட்ஃபோர்ட்டின் புள்ளிகள் வரைபடத்தில் அவ்வளவு ஒழுங்காக விழுவதைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். டாமி ஏற்கெனவே பழகியிருந்தார். 1983இல் பொதுமக்களிடம் ஜிபிஎஸ் இல்லை.

குரோஹர்ஸ்ட் செய்த ஏமாற்றை இன்று செய்ய முடியுமா?

முடியாது. அவர் 1968 ஒக்டோபர் 31இல், அனுமதிக்கப்பட்ட கடைசி நாளில் கிளம்பினார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகம் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை ரேடியோவில் அனுப்பினார். 1969 ஜூலை 10இல் படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு போட்டிப் படகிலும் செய்மதிக் கருவி இருக்கிறது, வீட்டிலிருந்தே அதன் புள்ளியைப் பார்க்கலாம்.

இந்தப் படத்தைத்தான் நான் நான்கிலும் உயர்ந்ததாக வைக்கிறேன். அலைக்குப் பதில் கடனும், வெட்கமும், முடிக்காத வேலைகளின் பட்டியலும் ஒருவரைக் கொல்வதைக் காட்டுகிறது. அதே போட்டியில் வென்ற ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டனின் 'சுஹைலி' படகு பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. 312 நாட்கள் ஓடியது. அவருடைய ரேடியோவும் வழியில் செயலிழந்தது. மாதக்கணக்காக அவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. பரிசுப் பணம் 5,000 பவுணை அவர் குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

குடிதண்ணீர், சாப்பாடு?

படங்கள் இதில் பெரிய தவறு செய்வதில்லை. குடிதண்ணீர்க் கேனில் உப்புநீர் கலந்துவிடுவது, பிளாஸ்டிக்கால் வெயிலில் நீராவி பிடிப்பது இரண்டும் உண்மையில் நடந்திருக்கின்றன. 1982இல் ஸ்டீவன் கலஹன் அட்லாண்டிக்கில் 76 நாட்கள் ரப்பர் மிதவையில் அப்படித்தான் வாழ்ந்தார். அவரைத்தான் பின்னர் 'லைஃப் ஒஃப் பை' படத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் யாராவது இப்படித் தனியாகப் போயிருக்கிறார்களா? படம் ஏன் இல்லை?

இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012-13இல் மும்பையிலிருந்து எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார். 2018இல், 1968 காலத்துக் கருவிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட போட்டியில், சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா' படகில் போனார். தென்னிந்து சமுத்திரப் புயலில் படகு உருண்டு, பாய்மரம் போய், முதுகெலும்பு முறிந்து, எழும்ப முடியாமல் கிடந்தார். மூன்று நாள் கழித்து, செப்டெம்பர் 24இல், பிரெஞ்சு மீன்பிடிக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரை எடுத்தது. அதே மனிதர் 2022இல் மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். அந்த முறை முதலாவதாக வந்தவர் கேர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்ற பெண். வழியில், படகு மூழ்கிய இன்னொரு போட்டியாளரை இந்து சமுத்திரத்திலிருந்து தூக்கி எடுத்துவிட்டுத்தான் வென்றார். இந்த இரண்டு கதைக்கும் ஒரு காட்சிகூடப் புனைந்து சேர்க்க வேண்டியதில்லை.

நமக்கும் ஒன்று உண்டு. அது தனி ஆள் பயணம் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சமுத்திரங்கள் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கிய வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன், அதற்கு முன் 32 அடிப் படகில் உலகம் சுற்றியவர். தமிழில் கடல் படம் என்றால் கரையும் காதலும் பகையும்தான் வருகின்றன. பாய் கட்டத் தெரிந்த மனிதரின் வேலை வருவதில்லை. அந்தத் தண்டையலையும் (கப்பல் தலைவரையும்) அவருடைய ஆட்களையும் யாராவது படமாக எடுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எடுப்பவர்கள் தொட்டிக்குப் போகாமல் பருத்தித்துறைக் கடலில், வாடைக்காற்றுக் காலத்தில் எடுக்கட்டும்.

எதை முதலில் பார்க்கலாம்? பிள்ளைகளோடு பார்க்க எது?

பிள்ளைகளோடு என்றால் 'மெய்டன்ட்ரிப்'. லோரா டெக்கர் தன் படகில் தானே எடுத்த காட்சிகளே அதில் அதிகம். சலிப்பு, கோபம், சமையல், அழுகை எல்லாம் இருக்கிறது. 2012 ஜனவரியில் பயணத்தை முடித்தபோது அவருக்கு 16 வயது. அதன் பிறகு 'ட்ரூ ஸ்பிரிட்' போட்டால் எது சினிமா, எது கடல் என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள். எங்கள் மாடியில் சொன்னார்கள். பெரியவர்களுக்கு 'ஆல் இஸ் லாஸ்ட்', பிறகு 'த மெர்சி'. 'ஸ்டிக்ஸ்' படத்தைத் தனியாக ஒரு நாளைக்கு வையுங்கள். அகதிகள் நிறைந்த, மூழ்கும் படகொன்றைத் தனியாகப் போகும் ஒரு டொக்டர் காண்கிறார். நம் சனத்தில் படகேறிப் போனவர்கள் இல்லாத குடும்பம் குறைவு, எனவே அது முடிந்த பிறகு கதைக்க நேரம் வேண்டும்.

படம் பார்த்து ஆசை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து எங்கே போய்ப் பழகுவது?

கடலுக்கு முதலில் போகாதீர்கள். பொல்கொட வாவியில் பாய்ப்படகு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிறு படகில் அங்கே தொடங்குங்கள். கவிழ்ந்து எழும்பப் பழகுவதுதான் முதல் பாடம், நீச்சல் கட்டாயம். மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வாவியோடு நின்றுகொள்ளுங்கள். தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து மேற்கே போகும் நெடும்பயணப் படகுகள் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் காலிக்கு வரும். மரியாதையாகக் கேட்டால் சிலர் படகைக் காட்டுவார்கள். கேட்கும்போது புயலைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை எல்லோரும் கேட்பார்கள். கயிறு எங்கே உரசுகிறது என்று கேளுங்கள்.